சின்னப்பொண்ணு வாய் திறக்காத வழக்கு

புதிதாக அரசு வழக்கறிஞர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர்களுக்கு என்னைச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். எந்தப் பிரிவில் என்ன தண்டனை, குறுக்கு விசாரணையை எங்கே நிறுத்துவது, இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சந்தேகம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது தீரவில்லை. கேட்டுவிட்டு உங்களில் யாருக்காவது தீர்ந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நான் ஏற்காட்டுக்காரி. கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகைக் கடை. மலைக் கிராமங்களிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் கொண்டுவந்து போட்டுவிட்டு உப்பு, புளி வாங்கிப் போகிறவர்களின் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். அதனால் நான் சேலத்தில் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் மலை வழக்கு எது வந்தாலும், "பாய் கடைப் பொண்ணுகிட்டக் குடுங்க, அவங்களுக்குத்தான் அந்தப் பேச்சு புரியும்" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் புரியும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் சட்டம் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. "சாட்சி வந்து நின்ன உடனே வாக்குமூலத்தைப் பிரிக்காதே. யார் கூட வந்தான், யார் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கிறான், மொதல்ல அதைப் பாரு" என்பார். நானும் விசாரணை நாட்களில் நீதிமன்ற வளாகத்து வாசலில் போய் நின்று, யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்ப்பேன். பல வழக்குகளில் அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த வழக்கில்தான் அது என்னைக் குழப்பத்தில் கொண்டுபோய் விட்டது.

வழக்கு இதுதான். மஞ்சக்குட்டைக்கு அப்பால் ஒரு சின்ன மலையூர். அங்கே சின்னப்பொண்ணு என்று ஒரு பெண். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் மட்டும். அவள் வீடு மேட்டில். வீட்டுக்குப் போகும் வழி, புருஷனுடைய அண்ணன் வெள்ளையனின் காப்பித் தோட்டத்துக்குள் போகிறது. தம்பி உயிரோடு இருந்தவரை அதற்கு வழி என்று பேர்கூடக் கிடையாது, நடந்தார்கள், அவ்வளவுதான். அவன் போன பிறகு ஏதோ வாய்ச்சண்டை. வெள்ளையன் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டிவிட்டான். அதற்கப்புறம் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஓடையில் இறங்கி, பாறை மேல் கால் வைத்துச் சுற்றி ஏற வேண்டும். மழைக்காலத்தில் ஓடை புரண்டால் அதுவும் இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் கம்பியை அறுத்துவிட்டாள். வெள்ளையன் கையிலிருந்த கொடுவாளைத் திருப்பிப் பிடித்து, மழுங்கின பக்கத்தால் ஓங்கி அடித்தான். தலைக்கு வந்த அடியை அவள் வலது கையால் தடுத்தாள். தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. போலீஸில் புகார் கொடுத்தாள், வழக்கு பதிவாகி என்னிடம் வந்தது. பார்த்த சாட்சிகள் இருந்தார்கள், டாக்டர் சர்டிபிகேட் இருந்தது. இப்படிச் சுத்தமான வழக்கு கையில் கிடைப்பது அபூர்வம்.

விசாரணை நாள் காலையில் வழக்கம்போல் வாசலில் நின்றேன். குப்பனூர் வழியாக இறங்கி வந்த ஒரு ஜீப் நின்றது. முதலில் வெள்ளையன் இறங்கினான். பின்னால் அவன் மனைவி ராமாயி. அவர்களுக்குப் பின்னால் சின்னப்பொண்ணு! வெள்ளையன் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். ஜீப்பில் கசங்கியிருந்த அவள் சேலை மடிப்பை ராமாயி குனிந்து நீவிவிட்டாள். அப்புறம் மூன்று பேரும் சாட்சிகளோடு சேர்ந்து டீக்கடைக்குப் போனார்கள். வெள்ளையன் டீ கிளாஸை வாங்கி, சின்னப்பொண்ணுவின் இடது கையில் பார்த்துக் கொடுத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிரட்டி உருட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவளைத் தனியாக என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, உன்னை யாராச்சும் மிரட்டினாங்களா?"

"இல்லீங்களே."

"அப்புறம் எதுக்கு அடிச்ச ஆளோடவே ஒரே வண்டியில வந்தே?"

"எங்கூருக்கு ஒரு ஜீப்புதானுங்களே இருக்குது."

"சரி, அவரு உன்னை அடிச்சாரா இல்லையா? அதைச் சொல்லு."

"அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சுங்க."

"எங்கே முடிஞ்சுது? இன்னைக்குத்தானே ஆரம்பிக்குது?"

"அது உங்களுக்குங்க" என்றாள், ரொம்ப மரியாதையாக.

பிறகு அவளே விளக்கினாள். ஊர்க்கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். வெள்ளையன் கம்பியை எடுத்து வழி விட்டுவிட வேண்டும். அந்த அடிதடிப் பேச்சை இனி இரண்டு பேருமே வாயில் எடுக்கக் கூடாது. இருவரும் கோயில் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டார்கள்.

"பேச்ச நான் மொதல்ல எடுத்தா வழி போச்சுங்க. மாமா எடுத்தாருன்னா வழி என்னைக்கும் எனக்குங்க. அப்பிடித்தான் ஊர்ல சொன்னாங்க."

புருஷனுடைய அண்ணனை அவர்கள் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். "இது கோர்ட்டும்மா. இங்க சொல்றது எப்படி ஊர்ல சேரும்?" என்று கேட்டேன்.

"அதையும் ஊர்க்கவுண்டர்கிட்டக் கேட்டுட்டுத்தாங்க வந்தேன். பேச்சுன்னா எங்க பேசினாலும் பேச்சுதான்னு சொல்லிப்போட்டாருங்க."

ஊர்க்கவுண்டர் என்பவர் அந்த ஊர்த் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. "அப்ப அவர் அடிக்கவே இல்லைன்னு சொல்லப்போறியா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, பொய் சொல்லச் சொல்றீங்களா? நீங்க பாய் கடைப் பொண்ணுதானுங்களே?"

"உண்மையும் சொல்ல மாட்டே, பொய்யும் சொல்ல மாட்டே. அப்ப என்னதான் பண்ணப்போறே?"

"கூப்புட்டீங்க, வந்துட்டேனுங்க. நிக்கறேனுங்க."

இப்போது உங்களில் சிலர் மனதுக்குள் வழி தேடிக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். சமரச மனு போடலாமே என்பீர்கள். கொடுவாள் உள்ளே வந்துவிட்ட வழக்கு அது, அந்தப் பிரிவுக்குச் சமரசம் கிடையாது. வாய்தா கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் இன்னொரு நாள் இதே ஜீப்பில் இதே ஆட்கள் இதே சத்தியத்தோடு வந்து இறங்குவார்கள். பிறழ்சாட்சி என்று அறிவித்துவிட்டு நாமே குறுக்கு விசாரணை செய்யலாமே என்பீர்கள். பிறழ்வதற்கு அவள் ஏதாவது சொன்னால்தானே? பிறழவும் மாட்டேன் என்கிறாள். பார்த்த சாட்சிகளும் அதே ஊர்க்காரர்கள், அவள் சொல்லாததை அவர்கள் சொல்லப்போவதில்லை. அவளுக்குப் பயமா, திருப்தியா, வேறு வழியில்லாத சமாதானமா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. இந்தக் குழப்பத்தோடு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறினாள். சொல்வதெல்லாம் உண்மை என்று மெதுவாகச் சொன்னாள். பெயர், ஊர், மகள் படிக்கிற வகுப்பு, எல்லாவற்றுக்கும் டக் டக் என்று பதில் வந்தது. சம்பவ நாளுக்கு வந்தேன். நின்றுவிட்டாள். மாற்றிக் கேட்டேன். நின்றாள். சுற்றி வளைத்துக் கேட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதிக்கு முன்னால் அன்றைக்கு ஒரு பெரிய குவியல் வழக்குகள் காத்திருந்தன. நல்ல மனிதர்தான், ஆனால் எத்தனை நேரம் பொறுப்பார்?

"என்னம்மா, வாயில கொழுக்கட்டையா?" என்றார். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. சொல்லலைன்னா உள்ளே அனுப்பிடுவேன். வெளையாட்டுன்னு நெனைச்சியா?"

அவள் கண்ணில் தண்ணீர் திரண்டது. வாய் அசையவில்லை. நீதிபதி என்னைப் பார்த்தார். ஏதாவது செய்யுங்கள், இல்லையென்றால் நான் செய்வேன் என்கிற பார்வை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அடி வாங்கினவள் ஜெயிலுக்குப் போவாள், அடித்தவன் வீட்டுக்குப் போவான். வாயால் பேசக்கூடாது என்றுதானே சத்தியம் என்று எனக்குப் பளிச்சென்று பட்டது. யோசிக்க நேரமில்லை, கேட்டுவிட்டேன்.

"சின்னப்பொண்ணு, ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. உங்க வலது கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுங்க. அது போதும்."

கொஞ்ச நேரம் அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி, கையை மெல்லத் தூக்கினாள். மார்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பல்லைக் கடித்து இன்னும் தூக்கப் பார்த்தாள், கை நடுங்கியது. நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். தட்டச்சருக்கு அதை அப்படியே சொல்லிப் பதியச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த நிமிஷம் எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"போதுங்க" என்று ஒரு குரல் கேட்டது. குற்றவாளிக் கூண்டிலிருந்து வெள்ளையன். "கைய எறக்கச் சொல்லுங்க. நான்தான் அடிச்சேனுங்க. அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணாதீங்க."

எதிர்க்கட்சி வக்கீல் பேய் அறைந்ததுபோல் எழுந்தார். "யோவ், வாயை மூடுய்யா!" என்று கத்தியவர், நீதிமன்றம் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நீதிபதி அவசரப்படவில்லை. வெள்ளையனை வக்கீலோடு பேசிவிட்டு வரச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு திரும்பக் கேட்டார். சொல்வதால் ஜெயில் கிடைக்கும் என்று எச்சரித்தார். வெள்ளையன் மாற்றிச் சொல்லவில்லை.

தண்டனை பற்றி அரசுத் தரப்பு என்ன சொல்கிறது என்று நீதிபதி என்னிடம் கேட்டார். சின்னப்பொண்ணு எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. முதல் குற்றம், சொந்தத்துக்குள் வந்த தகராறு, தானாக ஒப்புக்கொண்டிருக்கிறார், சட்டம் இடம் கொடுக்கிற வரை குறைக்கலாம் என்றேன். அவர் குறைத்துத்தான் கொடுத்தார். ஆனால் ஆயுதம், அடிபட்டது ஒரு பெண், கை முடங்கிவிட்டது என்று சொல்லிச் சில மாதம் சிறை போட்டார். அரசு வழக்கறிஞராக எனக்கு வெற்றி. வெற்றி பெற்ற முகத்தோடு வெளியே வந்தேன்.

வெள்ளையனைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போகும்போது, மனசு கேட்காமல் போய் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கை அம்புட்டுத்தான் எந்திரிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றான். "எப்பவும் முந்தானையில மூடியே வெச்சிருக்கும். பக்கத்துலதான் உக்காந்து வந்துச்சு, பாக்கலீங்க."

ராமாயி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊட்டுப் பொம்பளைய ஜெயிலுக்கு அனுப்பறேன்னா எந்த ஆம்பளைதான் சும்மா நிப்பாரு? எல்லாம் உங்க நீதிபதி மெரட்டுனதால வந்தது" என்று என்னைப் பொரிந்து தள்ளினாள். எதிர்க்கட்சி வக்கீலோ, "ரெண்டு நிமிஷம் சும்மா நின்னிருந்தா விடுதலை மேடம், எனக்கு வயிறு எரியுது" என்றார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். எதை நம்புவது?

சின்னப்பொண்ணு கடைசியாக வந்தாள். வழி அவளுக்குக் கிடைத்துவிட்டது, வெள்ளையன்தானே முதலில் பேசினான், நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நான் நினைத்தேன்.

"வாயில சொல்லக்கூடாதுன்னா கையில சொல்லலாமுங்களா?" என்று கேட்டாள். "எதுக்குங்க என்னையக் கையத் தூக்கச் சொன்னீங்க? இப்ப நான் மொதல்ல சொன்னனா, மாமா மொதல்ல சொன்னாரா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ராமாயியின் பின்னால் அதே ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். அத்தாவுக்குப் பிறகு கடையை என் தம்பிதான் நடத்துகிறான். "அக்கா, மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து ஊர்க்கவுண்டர் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. நீ வந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாரு. அங்க ஏதோ வழியை ஊர்க்காரங்க மறுபடி அடைச்சு வச்சிருக்காங்களாம். யார் மொதல்ல பேசினதுன்னு தீராம முடிவு சொல்ல முடியலையாம். எதுக்குக்கா உனக்கு இந்த வம்பு?" என்றான்.

வம்புதான். அரசு வழக்கறிஞர் ஒருத்தி, தான் நடத்தி முடித்த வழக்கைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் போய்ப் பேசினால் மேலே என்ன சொல்வார்கள்? சீனியருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "போனா மெமோ வரும். போகலைன்னா உனக்குச் சோறு இறங்காது. ரெண்டுல எது பரவாயில்லைன்னு நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இதற்கு ஒரு சீனியர் வேண்டுமா? திட்டிக்கொண்டே கிளம்பினேன்.

காப்பி காயப்போடுகிற களத்தில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது சாட்சிக் கூண்டு. ஊர்க்கவுண்டர் கழுத்தில் மப்ளரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். என் அத்தாவுக்குப் பழக்கமானவர்.

"வரக்காப்பி குடிங்க கண்ணு" என்றார். குடித்தேன். "ஒண்ணுமில்லீங்க. அந்தப் புள்ள கையத் தூக்குச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கப்பறந்தான் வெள்ளையன் வாயத் தொறந்தான். கையத் தூக்குனது பேச்சுங்களா, பேச்சு இல்லீங்களா? உங்க கோர்ட்ல அதை என்னான்னு எழுதுனாங்க? நீங்க சொல்றதுதான் முடிவு."

கண்ணுகளா, எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றிவைத்து 'ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு' என்று நான் விரட்டியிருப்பேன்! அன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டில் அதைச் சாட்சியம் என்றுதான் எழுதினார்கள். சட்டத்தில் சைகையும் சாட்சியம்தான். அதைச் சொன்னால் சின்னப்பொண்ணுவுக்கு வழி போய்விடும், அவளும் மகளும் ஆயுசுக்கும் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். அது பேச்சே இல்லை என்று சொன்னால் பொய். அவள் பெண்கள் நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாட்சியம்னுதாங்க எழுதுனாங்க" என்றேன். களத்தில் சலசலப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் சொன்னேன். "ஆனா அந்தப் பேச்சை எடுத்தது அந்தப் புள்ள இல்லீங்க. அது பாட்டுக்குச் சும்மாதான் நின்னுச்சு. தூக்குன்னு சொன்னது நான். சொல்லலைன்னா ஜெயில்னு சொன்னது நீதிபதி. பேச்சை மொதல்ல எடுத்தது நாங்கதானுங்க."

ஊர்க்கவுண்டர் தாடையைத் தடவிக்கொண்டார். "அப்பிடின்னா தோத்தது நீங்கன்னு ஆகுதுங்களே?"

"ஆமாங்க. நான்தான் தோத்தேன்."

"உங்களுக்கு இங்க வழி ஒண்ணும் இல்லீங்களே, கண்ணு. எதைக் கொண்டுபோய் அடைக்கறது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ராமாயி மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றாள்.

"என் ஊட்டுக்காரரு சேலத்து ஜெயில்ல உக்காந்திருக்காரு, நீங்க சிரிக்கறீங்க. வக்கீலம்மா தோத்தாங்களாம்! அவிய எதுக்குத் தோக்கறாங்க? என் ஊட்டுக்காரரு வாயத் தொறந்தாரா இல்லியா? தொறந்தாரு. அவருதான் தோத்தாரு. அந்தப் புள்ளைக்கு வழி கெடைக்கலைன்னா அப்பறம் அவரு எதுக்கு உள்ள போனாரு? சும்மாவா?"

உடனே சின்னப்பொண்ணுவும் எழுந்துவிட்டாள். "இல்லீங்க! நான்தான் மொதல்ல கையத் தூக்குனேன். நான்தான் தோத்தேன். மாமா பேருல பழி வேண்டாமுங்க!"

"நீ சும்மா இருடி! அவருதான் தோத்தாரு!"

"நான்தாங்க்கா!"

என் வேலைக்காலம் முழுக்க, ஜெயிக்கத்தான் எல்லோரும் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். நான்தான் தோற்றேன் என்று இரண்டு கட்சியும் மல்லுக்கு நின்றதை அங்கேதான் பார்த்தேன். இதில் மூன்றாவதாக நான் வேறு. எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊர்க்கவுண்டர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். "என்னால ஆகாதுங்கப்பா. கம்பிய எடுத்துடுங்க. அதுல நடக்கறதும் நடக்காததும் அந்தப் புள்ள பாடு" என்று சொல்லி எழுந்து போனார். அன்று சாயங்காலத்துக்குள் ராமாயியே கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டாள் என்று பிறகு தம்பி சொன்னான்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன எடுத்துக் கொடுப்பது? ஒன்றே ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். சாட்சியிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால், அந்தப் பதிலால் அவருக்கு ஊரில் என்ன போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதை நான் தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அப்படியும் இப்படி ஆயிற்று. கேட்காமல் விட்டிருந்தால் சின்னப்பொண்ணு உள்ளே போயிருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும். அப்புறம் எது சரி? நீங்கள் எல்லோரும் என்னைவிட நிறையப் படித்தவர்கள், யோசியுங்கள். நான் இன்னும் ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

வெள்ளையன் வெளியே வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மனசு கேட்காமல் அந்த ஊருக்குப் போனேன். ரோடு முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வெள்ளையன் தோட்டத்துக்குள் போகிறது, இன்னொன்று ஓடைக்கு இறங்குகிறது. தோட்டத்து வாயில் திறந்தே கிடந்தது. ஆனால் அந்த வழியில் ஆள் நடந்த தடமே இல்லை, நன்றாகப் புல் மண்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னப்பொண்ணு தலையில் விறகுக் கட்டோடு வந்தாள். இடது கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, வழிதான் தெறந்து கெடக்குதே!" என்றேன். "மழை பெஞ்சு பாறையெல்லாம் வழுக்கும். இந்தக் கையை வச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு?"

"தெறந்துதாங்க கெடக்குது." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாமா வரட்டுமுங்க. வந்து, நட புள்ளன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்ப நடந்தா அவரை மிதிச்சுக்கிட்டு நடக்கற மாதிரி இருக்குதுங்க."

ராமாயி தோட்டத்துக்குள் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். சின்னப்பொண்ணுவின் தலையிலிருந்த கட்டை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும், திறந்து கிடந்த வழியை விட்டுவிட்டு, ஓடையில் இறங்கிப் பாறை வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள்.